ஊறுகாய் சூப்பும் சிவப்புப் புகையும்: டெட்ராய்ட் சிட்டியின் பழைய தடங்களில்

ஜூன் 18, புதன். டவுன்டவுன்

டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தெற்கே பார்த்து நின்றால் எதிரில் தெரிவது கனடா. கனடா என்றால் வடக்கு என்று மனதில் பதிந்தவர்கள் எல்லாரும் இங்கே ஒருமுறை திசை தடுமாறுகிறார்கள். காற்றில் அசைவே இல்லை. உள்ளூர்க்காரர்கள் நிழலுக்கு நிழல் தாவித்தான் நடக்கிறார்கள்.

உட்வர்ட் அவென்யூவில், மாநகராட்சி அலுவலக வாசலில் 26 அடி உயர வெண்கல மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கதிர் விரிக்கும் பொன்னிறக் கோளம், இன்னொரு கையில் ஒரு சிறு குடும்பம். மார்ஷல் ஃப்ரெடரிக்ஸ் செய்த இந்தச் சிலை 1958-இல் இங்கே வந்தது. ‘ஸ்பிரிட் ஆஃப் டெட்ராய்ட்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேஸ்பால் அணியோ ஐஸ் ஹாக்கி அணியோ கோப்பையை நெருங்கினால் இவருக்கு அந்த அணியின் சட்டையை மாட்டிவிடுவது வழக்கம். ஊரின் கால்பந்துக் கழகமான டெட்ராய்ட் சிட்டி எஃப்.சி. தன் சின்னத்தில் இவரைத்தான் வைத்திருக்கிறது. காசில்லாத புதுக் கழகத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு இருந்திருக்காது. விளம்பரம் செய்து யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாத சின்னம். நிறம் சிவப்பும் பொன்னும். செல்லப்பெயர் ‘லெ ரூஜ்’, பிரெஞ்சில் ‘சிவப்பு’. 1701-இல் ஊரை நிறுவிய பிரெஞ்சுக்காரர்களின் எச்சம் அது.

கழகம் தொடங்கிய ஆண்டு 2012. அந்த ஆண்டின் டெட்ராய்ட்டை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். 1950-இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2010 கணக்கெடுப்பில் 7.13 லட்சமாகச் சுருங்கியிருந்தது. 2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை எந்த நகரமும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. பேஸ்பால், கூடைப்பந்து, ஹாக்கி, அமெரிக்கன் ஃபுட்பால் என நான்கிலும் மேல்மட்ட அணிகள் இருந்த ஊரில், ஐந்தாவதாக ஒரு விளையாட்டுக்கு, அதுவும் நான்காம் மட்டத்தில், யார் காசு போடுவார்கள்? யாரும் போடவில்லை. வேறு வேலைகளில் இருந்த ஐந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். அலுவலகம் முடிந்த பிறகுதான் கழக வேலை.

மதியம் கோனி ஐலண்ட் கடை. பெயர் நியூயார்க்குடையது, பண்டம் டெட்ராய்ட்டுடையது. ஆவியில் வெந்த பன், தோல் வெடிக்கும் சாசேஜ், மேலே பீன்ஸ் இல்லாத இறைச்சிச் சில்லி, கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம். லஃபயெட், அமெரிக்கன் என்று இரண்டு கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. எது நல்லது என்று பரிமாறுபவரிடம் கேட்டுவிடாதீர்கள், பதில் நீளும். ஒன்று ஐந்து டாலரைச் சுற்றி வரும். பலகையில் எழுதிய விலையோடு 6 சதவீத விற்பனை வரியும் 18 முதல் 20 சதவீத டிப்ஸும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஜூன் 19, வியாழன். பெல் ஐல், பிறகு காஸ் டெக்

இன்று ஜூன்டீன்த், அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் கூட்டரசு விடுமுறை. ஆற்று நடுவில் 982 ஏக்கர் தீவுப் பூங்கா பெல் ஐல். பாலத்தை நடந்தோ சைக்கிளிலோ கடந்தால் கட்டணமில்லை. காரில் போனால் மாநிலப் பூங்காவுக்கான அனுமதிச் சீட்டு வேண்டும். விடுமுறை நாளில் கார் வரிசை பாலத்துக்கு வெளியேயே தொடங்கிவிடுகிறது, நடப்பதே வேகம். பாலம் முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நிழல் என்று ஒரு அடியும் கிடையாது. காலை ஒன்பதுக்குள் கடந்துவிடுவது நல்லது. தீவு முழுக்கப் புகை. குடும்பம் குடும்பமாக அடுப்பு வைத்து விலா எலும்பு வாட்டுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தட்டு நீட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்கிறார்கள்.

கழகத்தின் வேர் இத்தகைய பொதுப் புல்வெளிகளில்தான். 2010-இல் ஷான் மான் என்பவர் பேட்டைக்கு ஒரு அணி என்று ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் பொழுதுபோக்கு லீக் ஒன்றைத் தொடங்கினார். டெட்ராய்ட் சிட்டி ஃபுட்பால் லீக் என்று பெயர். ஆட்டத் திறமை யாருக்கும் பெரிதாக இல்லை. நோக்கமும் அது இல்லை. காலி வீடுகளுக்கு நடுவே வாழும் இரண்டு பேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள ஒரு சாக்கு. இரண்டே ஆண்டில் அதிலிருந்து நகரத்துக்கான அணி ஒன்று கிளம்பியது. கழகம் பிறந்த அன்றே அதற்குப் பார்வையாளர்கள் இருந்ததன் ரகசியம் இதுதான். முதலில் சனம் சேர்ந்தது, அணி பின்னால் வந்தது. பணக்கார முதலாளி அணியை வாங்கி வைத்துக்கொண்டு சனத்தைத் தேடும் வழக்கமான அமெரிக்க முறைக்கு நேர்த் தலைகீழ்.

கழகம் சேர்ந்த லீக் என்.பி.எஸ்.எல். நான்காம் மட்டம், அமெச்சூர். இதன் கணக்கு வெளியூர்க்காரர்களுக்குச் சுலபத்தில் பிடிபடாது. ஆடுபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். கல்லூரி விளையாட்டு ஆணையத்தின் அன்றைய விதிப்படி சம்பளம் வாங்கினால் கல்லூரி அணியில் இடம் போய்விடும், அதனால் சம்பளம் கிடையாது. கல்லூரி மே மாதம் விடும், ஆகஸ்டில் முகாம் தொடங்கும். ஆக, பருவம் முழுவதையும் மே முதல் ஜூலைக்குள் அடைக்க வேண்டும். ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து பேருக்கு மேல் எடுக்கவும் கூடாது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம், நடுவில் ஒருவனுக்குக் கோடைகால வேலை, ஒருவனுக்குத் தேர்வு. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு இருபத்தைந்து பேரைப் பதிவு செய்து வைத்திருந்தும், தொலைதூர ஆட்டத்துக்கு வண்டி கிளம்பும்போது பதினான்கு பேர்தான் ஏறியிருப்பார்கள். இந்த மட்டத்தில் பயிற்சியாளரின் பாதி வேலை தொலைபேசியில்தான்.

அப்புறம் தூரம். டெட்ராய்ட், கிளீவ்லண்ட், பஃபலோ மூன்றும் தொழிற்சாலைகள் துருப்பிடித்துப்போன ஏரிக்கரை நகரங்கள். 2012-லேயே இவற்றின் ரசிகர்கள் ‘ரஸ்ட் பெல்ட் டர்பி’ என்று தங்களுக்குள் ஒரு கோப்பையை உருவாக்கிக்கொண்டார்கள். கிளீவ்லண்ட் 270 கிலோமீட்டர், போய் ஆடிவிட்டு இரவே திரும்பலாம். பஃபலோதான் சிக்கல். கனடா வழியாக ஏறத்தாழ 410 கிலோமீட்டர். எல்லை தாண்டாமல் ஈரி ஏரியைச் சுற்றினால் 590-ஐ நெருங்கும். வெளிநாட்டு மாணவர்கள் இருக்கும் வண்டியில் ஒருவரிடம் கனடா விசா இல்லாவிட்டாலும் மொத்த வண்டியும் ஏரியைச் சுற்ற வேண்டியதுதான். அதாவது ஒரு பக்கத்துக்கு 180 கிலோமீட்டர் கூடுதல் பெட்ரோல்.

மாலை காஸ் டெக். டவுன்டவுனிலிருந்து நடை தூரம். பாடகி டயானா ராஸ் படித்த, நகரத்தின் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளி. 2012 முதல் 2015 வரை நான்கு பருவங்கள் டெட்ராய்ட் சிட்டியின் சொந்த மைதானம் இந்தப் பள்ளியுடையதுதான். கோடை விடுமுறை என்பதால் வளாகம் வெறிச்சோடிக் கிடக்கிறது. வேலிக்கு வெளியே நின்றே செயற்கைப் புல்லையும் அலுமினிய இருக்கைகளையும் பார்த்துவிடலாம்.

அமெரிக்கப் பள்ளி மைதானம் எதுவும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்காக அளந்தது. அதன் அகலம் 160 அடி, அதாவது 48.8 மீட்டர். நம் கால்பந்துக்கு விதி 45 மீட்டரிலேயே அனுமதி தந்துவிடுகிறது என்றாலும், சர்வதேச ஆட்டத்துக்கு 64 மீட்டராவது வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற இடம் வரை கோட்டை வெளியே இழுத்துத்தான் ஆட வேண்டும். அப்படி இழுக்கும்போது மூலையில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் ஓடிவந்து கார்னர் அடிக்க இடம் போதாது, ஓரத்தில் மாற்று வீரர்கள் பெஞ்ச் பார்வையாளர் முழங்காலில் இடிக்கும். அதோடு, ஐந்து யார்டுக்கு ஒரு வெள்ளைக்கோடு என ஃபுட்பால் கோடுகள் புல்லில் நிரந்தரமாக நெய்யப்பட்டிருக்கும். அதன் மேல் வேறு நிறத்தில் பெனால்ட்டி பாக்ஸ். முதல் பத்து நிமிடம் எந்தக் கோடு எதற்கு என்று உதவி நடுவருக்கே கண் பழக வேண்டும். இன்றைய மாதிரி வெயிலில் இந்த ரப்பர்த் துகள் தரை 60 டிகிரியைத் தொடும். மெல்லிய அடிப்பகுதி கொண்ட ஷூ என்றால் இடைவேளைக்குள் பாதத்தில் கொப்புளம்.

பள்ளி வளாகம் என்பதால் பீர் விற்க முடியாது. கீழ்மட்டக் கழகங்களுக்கு டிக்கெட்டை விட பீரில்தான் லாபம், எனவே இது சின்ன இழப்பு இல்லை. ஆனால் இந்தத் தடையே அவர்களுக்கு ஒரு வழக்கத்தைக் கொடுத்தது. ரசிகர்கள் பக்கத்திலிருந்த ‘ஹாரிஸ்’ என்ற பாரில் கூடி, குடித்து முடித்து, முரசடித்துக்கொண்டு ஊர்வலமாகப் பள்ளிக்கு வந்தார்கள். ‘நார்தர்ன் கார்டு சப்போர்ட்டர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மண்டையோட்டுக் கொடி, சிவப்பும் பொன்னுமாகப் புகைக்குண்டுகள், தொண்ணூறு நிமிடமும் நிற்காத பாட்டு, காது கூசும் வசை. பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எதிரணி கோல்கீப்பரின் அம்மா பெயர் வரை தேடி வைத்திருப்பார்கள் என்பது இந்த லீக்கில் பிரசித்தம். வசை நயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் நம்மூர் ரசிகர்களுக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியலாம்.

2013-இல் அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 2015-இல் ஆட்டத்துக்கு மூவாயிரத்தைத் தாண்டியபோது பள்ளி நிரம்பி வழிந்தது. நுழைவாயிலில் ஆட்களைத் திருப்பி அனுப்புவது நான்காம் மட்டக் கழகத்துக்கு யாரும் எதிர்பார்க்காத தொல்லை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஆளை விட்டாலும் தீயணைப்புத் துறை ஆட்டத்தை நிறுத்தலாம், விடாவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் வராது.

ஜூன் 20, வெள்ளி. ஹாம்ட்ராமிக்

டவுன்டவுனிலிருந்து வடக்கே எட்டு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் 2 டாலர் கொடுத்தால் நான்கு மணி நேரம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். ஹாம்ட்ராமிக் தனி நகராட்சி. ஏறத்தாழ நாற்புறமும் டெட்ராய்ட் சூழ்ந்த 5.4 சதுர கிலோமீட்டரில் 28,000-க்கும் மேல் மக்கள். 1910-இல் டாட்ஜ் கார் தொழிற்சாலை வந்தபோது போலந்துக்காரர்கள் குவிந்தார்கள். 1980-இல் தொழிற்சாலை மூடியது, பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள். அந்த வீடுகளில் இப்போது யேமன்காரர்களும் வங்கதேசத்தவரும். வெள்ளிக்கிழமை நண்பகலில் வந்து இறங்கினால் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்கும். அதற்கு 2004-இல் நகரமன்றமே அனுமதி தந்தது. தேவாலயக் கோபுரத்துக்குக் கீழே ஜிப்பா போட்டவர்கள் தொழுகைக்கு விரைகிறார்கள்.

காலை உணவுக்குப் போலந்து பேக்கரியில் பான்ச்கி. உள்ளே பழக்கூழ் அடைத்த, கனமான பொரித்த பன். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாளான ‘கொழுத்த செவ்வாய்’ அன்று விடியுமுன்பே தெருக்கோடி வரை வரிசை நிற்குமாம். சாதாரண நாளில் பத்து மணிக்குப் போயும் ப்ளம் வகை தீர்ந்துவிட்டது. கஸ்டர்ட்தான் மிச்சம். விற்ற பாட்டியம்மா, ஏதோ தான் குற்றம் செய்ததுபோல், ஒரு பன்னைச் சும்மா கொடுத்தார்.

கொனன்ட் அவென்யூவுக்கு ‘பங்களாதேஷ் அவென்யூ’ என்று 2008 முதல் கௌரவப் பெயர். பெரும்பாலும் வங்கதேசத்தின் சில்ஹெட் வட்டாரக்காரர்கள். ஒரு டாலர் சில்லறைக்குச் சமோசா, சிறு கண்ணாடிக் குவளையில் ஏலக்காய் தேநீர். ‘காரம் மீடியம்’ என்று சொன்னால் அமெரிக்க மீடியமா ஊர் மீடியமா என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நம் முகத்துக்கு ஊர் மீடியம்தான் வரும். கண்ணில் நீர் முட்டும், தயிர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரூஸ்வெல்ட் தெருவில் உள்ள கீவொர்த் மைதானம். இந்தப் பயணமே இதற்காகத்தான். வீடுகளின் கொல்லைப்புற வேலியை ஒட்டி, குடியிருப்புத் தெரு நடுவே திடீரென்று முளைத்து நிற்கும் கான்கிரீட் படிக்கட்டு. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் மிச்சிகன் மாநிலத்தில் முதலில் எழுந்தது இதுதான். 1936 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். சொந்தக்காரர் ஹாம்ட்ராமிக் அரசுப் பள்ளி நிர்வாகம். எண்பது வருடத்தில் பள்ளியிடம் காசு வற்றி, கான்கிரீட் பொரிந்து, படிகளின் பெரும்பகுதி யாரும் ஏறக் கூடாத நிலைக்கு வந்திருந்தது.

2015-இல் கழகம் கண்வைத்தது இதன்மேல். சரிசெய்ய லட்சக்கணக்கான டாலர் வேண்டும். வங்கி தராது. காரணம் எளிது: கட்டடம் கழகத்துடையது இல்லை, அடமானம் வைக்க எதுவுமில்லை, லீக்கே வருடத்தில் மூன்று மாதம்தான். அவர்கள் பிடித்த வழி 2013-இன் மாநிலச் சட்டம் ஒன்று. சுருக்கமாக ‘மைல்’ சட்டம். மிச்சிகன் நிறுவனம், மிச்சிகன்வாசிகளிடம் மட்டும், இணையம் வழியாகச் சிறு முதலீடு திரட்டலாம், கூட்டரசுப் பத்திரப் பதிவு தேவையில்லை. ஒருவர் குறைந்தது 250 டாலர், அதிகபட்சம் 10,000. கெடு 2016 பிப்ரவரி நடுப்பகுதி. அதற்குள் 4 லட்சம் சேராவிட்டால் எல்லாருக்கும் பணம் திரும்பும், 7.5 லட்சத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. முடிவில் 527 பேர் சேர்ந்து 7,41,250 டாலர் கொடுத்தார்கள். சராசரி ஆளுக்கு 1,400 சொச்சம்.

இதை நன்கொடை என்று எழுதுகிறவர்கள் உண்டு, தவறு. கழகத்தின் வருவாயிலிருந்து வட்டியோடு திருப்பித் தரும் கடன் ஏற்பாடு. உரிமைப் பங்கும் கிடையாது. மாநில எல்லை நிபந்தனையால் ஒஹாயோவுக்குக் குடிபெயர்ந்த தீவிர ரசிகர்கூட ஒரு டாலர் போட முடியவில்லை. நாடு முழுவதிலிருந்தும் சிறு முதலீடு திரட்ட உதவும் கூட்டரசு விதி 2016 மே மாதம்தான் அமலானது, இவர்களுக்குச் சில மாதம் பிந்தி. அந்த விதியைப் பயன்படுத்தி, 2020-இல்தான் கழகம் உண்மையிலேயே உரிமைப் பங்கை ரசிகர்களுக்கு விற்றது.

பணம் போனது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு: படிக்கட்டைத் தாங்கும் கட்டுமானம், கழிப்பறை, உடைமாற்றும் அறை, விளக்கு. பழைய மைதானத்தைப் புதுப்பிக்கிற யாரும் சறுக்குவது இங்கேதான். ரசிகர்கள் பார்ப்பது பெயின்ட், ஆய்வாளர் பார்ப்பது உள்ளே துருப்பிடித்த கம்பி. நூறு பேருக்கு இத்தனை கழிப்பறை என்ற கணக்கு இடிக்கும், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை இல்லை என்றால் திறப்பு அனுமதி வராது. துப்புரவும் பெயின்ட்டும் தொண்டர்கள் தலையில். பிப்ரவரியில் பணம் கைக்கு வந்தது, மே மாதம் முதல் ஆட்டம். இடையில் மிச்சிகன் குளிர்காலத்தின் வால். கான்கிரீட் இறுக வெப்பம் வேண்டும்.

2016 மே 20. எதிரணி ஏ.எஃப்.சி. ஆன் ஆர்பர். வந்தவர்கள் 7,410 பேர். நான்காம் மட்ட, சம்பளமில்லா ஆட்டத்துக்கு! பள்ளி மைதானத்துக்கு வந்த கூட்டத்தைப் போல இருமடங்குக்கும் மேல். முக்கியமாக, இங்கே பீர் உண்டு.

அதற்குச் சில வாரம் முன்புதான், ஏப்ரல் கடைசியில், கூடைப்பந்து அணி முதலாளிகளான டான் கில்பர்ட்டும் டாம் கோரஸும் டெட்ராய்ட்டுக்கு நாட்டின் முதல்மட்ட லீக்கான எம்.எல்.எஸ். அணி ஒன்றைக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருந்தார்கள். பாதியில் நின்ற சிறைச்சாலைக் கட்டுமானம் இருந்த இடத்தில் நூறு கோடி டாலர் திட்டம். 527 பேர் கடன் கொடுத்து முடித்த கையோடு இந்த அறிவிப்பு. அமெரிக்கக் கால்பந்தில் ஜெயித்து மேலே ஏறும் வழி கிடையாது. மட்டம் என்பது நுழைவுக் கட்டணமும் முதலாளியின் சொத்தும்தான். இரண்டாம் மட்டத்துக்கு முதன்மை உரிமையாளரின் சொத்து 2 கோடி டாலர், மூன்றாம் மட்டத்துக்கு 1 கோடி என்று சம்மேளனமே விதி எழுதி வைத்திருக்கிறது. ஆகவே பத்து ஆண்டு தொடர்ந்து கோப்பை வாங்கினாலும், பணக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் கடை திறந்தால் கதை முடியலாம். கில்பர்ட்டும் கோரஸும் பின்னர் திட்டத்தை ஃபோர்டு ஃபீல்டு உள்ளரங்குக்கு மாற்றினார்கள், லீக் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு நகரங்களுக்கு அணி போனது. நார்தர்ன் கார்டு ஆட்கள் அதைக் கொண்டாடினார்கள் என்பதை இங்கே யாரும் மறைப்பதில்லை.

மைதானத்தின் பின்பக்கம் தவறவிடக் கூடாதது: 1930-இல் கட்டிய ஹாம்ட்ராமிக் ஸ்டேடியம். கறுப்பின வீரர்களை மேல்மட்ட பேஸ்பாலில் சேர்க்காத காலத்தில் டெட்ராய்ட் ஸ்டார்ஸ் ஆடிய இடம். தரைக்கு அந்த அணியின் வீரர் டர்க்கி ஸ்டியர்ன்ஸ் பெயர். 2022-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். இன்று மாலை அந்தப் பூங்காவில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட். ஸ்டம்புக்குக் குப்பைத்தொட்டி.

ஆட்ட நாளில் வருகிறவர்களுக்கு: ஊர்வலம் ‘ஃபௌலிங் வேர்ஹவுஸ்’ கிட்டங்கியிலிருந்து கிளம்பும். பௌலிங் கட்டைகளை ஃபுட்பால் எறிந்து சாய்க்கும் விளையாட்டு அங்கே. வெள்ளைச் சட்டை வேண்டாம், புகைக்குண்டின் சிவப்புத் தூள் சலவைக்குப் போகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் முரசுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்காருங்கள். கான்கிரீட் படிக்கு மெத்தை கொண்டுவந்தால் முதுகு பிழைக்கும். ஜூன், ஜூலையில் மின்னல் பெரிய தலைவலி. அருகில் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் எண்ண வேண்டும். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று வெட்டினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து. ஏழரை மணி ஆட்டம் நள்ளிரவில் முடியக்கூடும், திரும்பும் பேருந்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு யெமன்ஸ் தெருவில், பழைய விடுதி ஒன்றின் நிலவறையில் இருக்கும் போலிஷ் வில்லேஜ் கஃபே. இருட்டு, குளிர்ச்சி. வெளியே இருந்த வெக்கைக்கு அதுவே பாதி விருந்து. வெள்ளரி ஊறுகாய் சூப்தான் இந்த இடத்தின் பெயரைச் சொல்லும். பாலேடும் உருளைக்கிழங்கும் வெந்தய இலை மாதிரி நறுக்கிய டில் கீரையும் மிதக்க, புளிப்பு கடைசியில் மெதுவாக ஏறும். ஊறுகாயைச் சூப்பாக வைப்பதா என்று முகம் சுளித்தவர்களும் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள். சைவக்காரர்கள் எலும்புச் சாறு சேர்ந்ததா என்று முதலில் கேட்டுவிடவும். உருளைக்கிழங்குப் பியரோகி நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. இரண்டும் சேர்த்து 20 டாலரைச் சுற்றி.

ஜூன் 21, சனி. கிழக்கு லஃபயெட், கார்க்டவுன்

வெக்கை இன்னும் கூடிவிட்டது. நகரம் குளிர்சாதனம் உள்ள நூலகங்களுக்கு முதியவர்களைப் போகச் சொல்கிறது.

கிழக்கு லஃபயெட்டில் உள்ள ‘டெட்ராய்ட் சிட்டி ஃபீல்டுஹவுஸ்’ பழைய பனிச்சறுக்கு அரங்கம். 2018-இல் கழகம் அதை எடுத்து உள்ளரங்க மைதானமாக்கியது. கழகத்தின் ஆரம்பக் காலத்தில் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகக் கெட்டிக்காரத்தனமானது என்பேன், கீவொர்த்தைவிடவும். மூன்று மாதப் பருவம் கொண்ட கழகத்துக்கு மீதி ஒன்பது மாதம் வருமானமில்லை. மிச்சிகனிலோ நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே ஆட முடியாது, உள்ளரங்க நேரத்துக்கு அடிதடி. குழந்தைகள் பயிற்சி, பெரியவர்கள் லீக், மேலே ஒரு பார். வருடம் முழுக்கக் கல்லாப்பெட்டி திறந்திருக்கும். இன்று உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர்கள் நாற்பதைத் தாண்டிய, முழங்காலுக்குக் கட்டுப்போட்ட ஆட்கள். பலகையில் மோதி பந்து திரும்பும்போதெல்லாம் வாக்குவாதம். வேடிக்கை பார்க்கக் கட்டணமில்லை.

இதே 2018 மே மாதம் ஜெர்மனியின் செயின்ட் பாவ்லி கழகம் கீவொர்த்துக்கு வந்து நட்பு ஆட்டம் ஆடியது. மண்டையோட்டுக் கொடி இரண்டு பக்கமும். 2020-இல் கழகம் என்.ஐ.எஸ்.ஏ. என்ற, சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் தொழில்முறை லீக்கில் ஆடத் தொடங்கியது. அப்போதைய பயிற்சியாளர் டிரெவர் ஜேம்ஸ், இங்கிலாந்து அணிக்கே பயிற்சியாளராக இருந்த பாபி ராப்சனிடம் வேலை பார்த்தவர். 2022-இல் இரண்டாம் மட்டமான யு.எஸ்.எல். சாம்பியன்ஷிப். அந்த ஏப்ரலில், வெவ்வேறு மட்ட அணிகள் மோதும் ஓப்பன் கோப்பையில் எம்.எல்.எஸ். அணியான கொலம்பஸ் க்ரூவை கீவொர்த்திலேயே 2–1 என்று வென்றார்கள். ஆரம்ப ஆண்டுகள் அத்தோடு முடிந்தன என்று கொள்ளலாம்.

மாலை கார்க்டவுன். ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு உள்ளே போய் மேற்கூரை ஓடுகளை அண்ணாந்து பார்க்க மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், நுழைவு இலவசம். அங்கிருந்து சற்று நடந்தால் மிச்சிகன் அவென்யூவும் 20-ஆம் தெருவும் சந்திக்கும் மூலை. பல ஆண்டு பாழடைந்து கிடந்த சவுத்வெஸ்ட் டெட்ராய்ட் மருத்துவமனையின் இடம். 2024 மே மாதம் கழகம் இதை வாங்கியதாக அறிவித்தது. 15,000 பேர் அமரும் சொந்த மைதானம், ஒரு கடன் சங்கத்தின் பெயர் தாங்கி ‘அலும்னிஃபை ஃபீல்டு’ ஆகப்போகிறது, இலக்கு 2027. கால்பந்துக்கென்றே அளந்த தரை, ஃபுட்பால் கோடுகள் இருக்காது.

கீவொர்த்தின் கொல்லைப்புற நெருக்கம் இங்கே வருமா என்பதில் ரசிகர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. பக்கத்து டாக்கோ வண்டியில் நின்ற ஒருவர் ‘கழிப்பறை நிறைய இருந்தால் போதும்’ என்றார். அங்கே ஆட்டுக்கறி டாக்கோ மூன்று வாங்கினால் வயிறு நிறையும், பச்சைச் சட்னி கேட்டால்தான் தருவார்கள். சில வண்டிகளில் அட்டை செல்லாது, சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளவும்.

கீவொர்த்தில் ஆட்டம் பார்க்க நினைப்பவர்கள் 2026-க்குள் வந்துவிடுவது உத்தமம். யு.எஸ்.எல். பருவம் மார்ச்சில் தொடங்கி இலையுதிர்காலம் வரை நீளும். மார்ச், ஏப்ரல் ஆட்டம் என்றால் கான்கிரீட் படி பனிக்கட்டியாக இருக்கும், மெத்தையோடு கம்பளியும். ஜூலை என்றால் இரண்டு பாட்டில் தண்ணீர். செப்டம்பர் ஏற்ற மாதம்.